நாற்பத்தொன்றாவது படம்

பிளாஸ்டிக் பையில் கட்டிய போனால்
பாம்பன் சின்னப்பாலக் கடலடியில் எடுத்த படங்கள்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
ஆவுளியா புல் மேய்ந்த தடம் எது,
எது வெறும் மணல்,
ஒவ்வொன்றாய்க் குறித்தாள் நம்புசெல்வி,
பிளஸ் ஒன் வேதியியல் ரெக்கார்டை மூடிவைத்து.

கணினி கற்றுக்கொண்டது, அரைகுறையாய்.
நாற்பத்தொன்றில்
'ஆவுளியா' என்றது,
தொண்ணூறு சதவீத உறுதியோடு.
பெரிதாக்கிப் பார்த்தாள்:
புல்லை வேரோடு உழுதுபோன நங்கூரம்,
ஓரத்தில் நீலக் கயிறு.
போன கச்சானில் அப்பாவுக்காக
அவளே பேரம் பேசி வாங்கியது.

ஆய்வுப் பயிற்சி விண்ணப்பம் மூட
இன்னும் பதினேழு நிமிடம்.
'பிழைக்கான காரணம்' கட்டத்தில்
கலங்கல் தண்ணீர் என்று எழுதி
அழித்தாள்.
எங்கள் படகு
என்று எழுதி
அனுப்பு என்பதை அழுத்தினாள்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது வட்டம்.
ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தாள்,
சிக்னல் அங்கேதான் கொஞ்சம் வரும்.