பூச்சு வேலை

நொடிக்கு அறுபது முறை
விரல் எங்கே என்று கேட்கிறது திரை.
நிதானக்காரருக்கு எறும்பு வரிசையாய்ப் புள்ளிகள்,
அவசரக்காரருக்கு அங்கொன்று இங்கொன்று.
இடைவெளியில் கோடு போடுவது
என் உத்தியோகம்.

மனாமாவில், அத்லியாவில்,
பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மூன்றாம் மாடி.
பிரவுசரில் திறக்கும் வரைபலகை ஒன்று செய்கிறோம்.
கட்டட ஆய்வாளர்கள் சுவரைப் படமெடுத்து
அதன்மேல் விரலால் குறிப்பார்கள்:
இங்கே ஈரம், இங்கே துரு,
இங்கே விரிசல்.

கோடு நடுங்கியது.
இதைக் காட்டினால்
ஆய்வாளர் குடித்திருந்தார் என்பார்கள்
என்றார் ஹிஷாம்.

இரண்டு வாரம் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு புள்ளியையும்
முந்தைய புள்ளியின் பக்கம் கொஞ்சம் இழுத்தேன்,
சண்டைக்குக் கிளம்புகிறவனைத்
தோளைப் பிடித்து இழுப்பதுபோல்.
இரண்டுக்கு நடுவே ஒரு நடுப்புள்ளி,
நடுப்புள்ளிகள் வழியே ஒரு வளைவு.
நடுக்கம் போயிற்று.
எண்ணெய் வைத்து வாரிய தலையாய்ப்
படிந்தது கோடு.
அன்று மாலை எல்லோருக்கும் கரக் டீ,
ஹிஷாம் கணக்கில்.

ஆகஸ்டில் ஒரு குரல் பதிவு.
பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.

"மேடம், ஞானதிரவியம் பேசறேன், ஹித் பம்ப் ஹவுஸ்லேருந்து.
நான் விரிசலத்தான் வரைஞ்சேன்.
உங்க ஆப் அதுக்குப்
பூச்சு வேலை பாத்து அனுப்பியிருக்கு."

தனியாகச் சிரித்தேன்.
பிறகு படத்தைத் திறந்தேன்.

ஹாலோ பிளாக் சுவர்.
கல்லோடு முட்டி, திரும்பி, இறங்கி,
மறுபடி முட்டி
படிக்கட்டாய்ப் போகிறது விரிசல்.
அதன்மேல் என் சிவப்புக் கோடு
வாய்க்கால் நீராய் வளைந்து வழிகிறது.

இரண்டாம் பதிவு:
"படி படியா எறங்குனா கீழ மண்ணு உக்காருதுன்னு சந்தேகப்படணும்.
வளைஞ்சு போனா பூச்சு காஞ்சிருக்கும், அவ்ளோதான்.
ஆபீஸ்ல படத்த மட்டும் பாத்துட்டு
பெயிண்டர அனுப்பிட்டாங்க."

இன்னொன்றும் கண்டேன், அவர் சொல்லாதது.
கோடு கடைசிவரை போகவேயில்லை.
விரலுக்குப் பின்னாலேயே நடந்த என் சராசரி
வந்து சேருமுன்
அவர் கையை எடுத்துவிட்டார்.
இரண்டு விரற்கடை விரிசல்
கோடில்லாமல் கிடந்தது.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
நான் எழுதியதில்
முதல் புள்ளி மட்டும் நேர்மை,
அப்புறம் கோணலே இல்லை.
அதுதான் கோளாறு.

மூன்று மணிக்கு டேப்லெட்டோடு தெருவில் இறங்கினேன்.
வெளிவேலை கூடாத நேரம்.
கோடு போடுவது வேலையா என்று
யாரும் கேட்கவில்லை.
மூக்குக் கண்ணாடியில் ஆவி.
விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வியர்வை,
ஒரு கோடு மூன்றாய் அறுந்தது.
பல் ஆஸ்பத்திரிச் சுவரில் விரிசல் இல்லை.
டைல்ஸ் இடுக்கைத் தடவி வரைந்தேன்,
பல்வலிக்காரர் ஒருவர் தாடையைப் பிடித்தபடி
வேடிக்கை பார்க்க.

நடுக்கம் கையுடையது.
திருப்பம் சுவருடையது.
இரண்டும் எனக்கு
எண்களாகத்தான் வந்து சேர்கின்றன.
முப்பது டிகிரிக்கு மேல் திரும்பினால்
தொடாதே என்று எழுதினேன்.
நாற்பது என்று மாற்றினேன்.
மீண்டும் முப்பத்தைந்து.
விரல் எடுத்த இடத்துக்குக்
கடைசியாய் ஒரு கோடு,
கேள்வி கேட்காமல்.

வியாழன் இரவு அவரிடமிருந்து படம்.
படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கிறது,
நுனிவரை.
"இப்ப சரி மேடம்.
பெயிண்டரத் திருப்பி அனுப்பியாச்சு."

கீழ் மூலையில் விரலால் பெயர் எழுதியிருக்கிறார்.
ஞ-வின் சுழி
முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டிய இடமெல்லாம்
முட்டி முட்டி உடைந்து
முள்வேலியாய் நிற்கிறது.
அவர் இன்னும் கவனிக்கவில்லை.

மணி பதினொன்று.
மறுபடி திறக்கிறேன்
அதே கோப்பை.