நிமிடம் சொல்பவள்

அறுவை அரங்கில் எனக்கு ஒரே வேலை.
கடிகாரத்தைப் பார்ப்பது, உரக்கச் சொல்வது.

எய்விந்துரின் வலக்கையை ராக்னா உயர்த்திப் பிடிக்கிறாள்.
விரல்நுனியிலிருந்து ரப்பர்ப் பட்டையை
இறுக்கிச் சுற்றிக்கொண்டே முழங்கை தாண்டி ஏறுகிறாள்,
தீர்ந்துபோன பற்பசைக் குழாயை
அடியிலிருந்து தள்ளுகிற மாதிரி.
பிறகு புஜத்துக் கச்சைக்குள் காற்று. இருநூற்றைம்பது.
பட்டையை அவிழ்த்தால்
கை மெழுகு நிறம்.

"எட்டு இருபது," என்கிறேன். "கட்டியாயிற்று."

கீறிய இடத்தில் ஒரு சொட்டுச் சிவப்பில்லை.
அறுந்த தசைநாண்கள் வெளேரென்று
நண்டுச் சதைபோல உள்ளே ஒடுங்கிக் கிடக்கின்றன.
ரத்தம் ஓடினால் இதெல்லாம் சேற்றில் ஊசி தேடுவது.
நேற்று வலையிழுக்கும் கயிறு
விஞ்சைச் சுற்றிய அதே வேகத்தில்
இவன் விரல்களையும் சுற்றியது.
இன்று நாங்களும் சுற்றினோம்.

தோள்வரை மரத்தவன், விழித்திருக்கிறான்.
திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறான்:
"என் கை எங்கே?
வயிற்றின் மேல் கிடப்பதுபோல இருக்கிறதே."
பக்கத்து மேசையில், என்கிறேன்.
நம்பவில்லை.

"அறுபது."
ராக்னா நிமிரவில்லை. மோதிரவிரல் முடிந்தது.

"தொண்ணூறு."
புஜம் கனக்கிறது என்கிறான்,
மரப்பையும் மீறி எங்கோ ஆழத்தில், பல்வலிபோல.
அவனே பேச்சை மாற்றுகிறான்:
ஈசாஃபியோர்துருக்கு இன்று வெயில் வரும் நாள்,
இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் கிடந்த வெயில்,
ஊரெல்லாம் பான்கேக் சுடும்.
மேகம், என்கிறேன், ஜன்னலைப் பார்க்காமலே.

"நூற்றுப் பத்து."
இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.
"இன்னும் ஒரே தையல்," என்கிறாள்.
ஒரே தையல் எவ்வளவு நேரம் என்று
எந்தக் கடிகாரத்திலும் இல்லை.
"நூற்றுப் பதினாறு, ராக்னா."

காற்றை விடுகிறேன். சீறல்.
உள்ளங்கையில் முதலில் புள்ளி புள்ளியாக,
பிறகு கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்,
அறை வாங்கிய கன்னமாய்ச் சிவக்கின்றன.
மோதிரவிரலும் தாமதமாக.
சுண்டுவிரல் வரவில்லை.

வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் அதை மூடிவிட்டு
ராக்னா சும்மா நிற்கிறாள்.
சொல்வதற்கு எனக்கு நிமிடம் இல்லை இப்போது.
ஆனாலும் எண்ணுகிறேன், வாய்க்குள்.

ஏழு. எட்டு.

துணியை விலக்குகிறாள். நகத்தை அழுத்தி விடுகிறாள்.
வெள்ளை.
மறுபடி அழுத்துகிறாள்.
வெள்ளை, வெள்ளை,
நகத்தடியில் ஒரு கீற்று.

"வந்துவிட்டதா?" என்கிறான் எய்விந்துர்.
எதைக் கேட்கிறான் என்று தெரியவில்லை.
ஆமாம், என்கிறேன்.
ராக்னா பஞ்சு கேட்டுக் கைநீட்டுகிறாள்.
எல்லா இடமும் கசிகிறது.