பக்கம் புரட்டும் நாள்

சுங்கை கெருயிங் காட்சியகத்துக்கு
நுழைவு இரண்டு ரிங்கிட்.
பாதிப்பேர் ஏர்கோனுக்காக வருகிறவர்கள்.

மாடியில் துரை வரைந்த கடல்:
சஃபோக் கரை, சாம்பல் அலை, ஆளே இல்லை.
கீழே, கண்ணாடிக்குள், ஐம்பத்தொன்றாம் வருஷத்துச் செக்ரோல்.
பேருக்குப் பதில் நம்பர்,
நம்பருக்கு நேரே ஊதாக் கைநாட்டு.
மை வெளுக்காதிருக்க
மாதம் ஒரு பக்கம்தான் புரட்டலாம்.

ஒன்றாம் தேதி தவறாமல்
டாக்சியை நிழலில் விட்டுவிட்டு வருவார் தீர்த்தமலை.
"இருநூத்திப் பதினாறு வந்துருச்சா லா?"
"நூற்றெண்பதுதான்."
யாருடைய நம்பர் என்று நான் கேட்டதில்லை.

சாவி என்னிடம்தான்.
போன வெள்ளி, கதவடைத்தபின்,
தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
நம்பர் இருக்கிறது.
கைநாட்டு இருந்த இடத்தில்
கட்டைவிரல் அகலத்துக்குப்
பூச்சி தின்ற ஓட்டை.
அதன் வழியே அடுத்த பக்கத்து யாரோ தெரிகிறார்.

இன்று ஒன்றாம் தேதி.
டிக்கெட் கிழிக்கிறேன்.