இரண்டு விழுக்காடு

ஹொரமாவில் எங்கள் குடியிருப்புக்கு
மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை.
ஆய்வகத்திலோ
வியர்வையை, சிறுநீரை, மூச்சு விட்ட ஈரத்தைக்
குடிநீராக்கித் தரும் எந்திரம் ஒன்று
என் பொறுப்பில் ஓடுகிறது.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு திரும்பி வருகிறது.
நேற்று கேக் வெட்டினோம்.
இயக்குநர் முதல் டம்ளரைக் குடித்தார்.
எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீதி இரண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.
டின் ஃபேக்டரி நெரிசலில்
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
நாளுக்கொரு சுற்று என்றால்
முப்பத்து நான்காம் நாள் தொட்டியில் பாதி இருக்காது.
மிகப் பக்கத்து நட்சத்திரத்துக்கே,
இன்று கையிலுள்ள வேகத்தில்,
எழுபதாயிரத்துச் சொச்சம் வருடம்.
கூட்டிக் கழித்து நிமிர்ந்தபோது
பஸ் ஒரு விளக்குக் கம்பம் நகர்ந்திருந்தது.

இரவு பதினொன்றே காலுக்கு டேங்கர் வந்தது.
குழாயைத் தொட்டியில் இறக்கிவிட்டு
முனிராஜு பீடி பற்றவைத்தார்.
"மேடம், ராக்கெட் ஆபீஸ்தானே நீங்க?
ஆளுங்க போவாங்களா, அங்க வரைக்கும்?"
அவர் கை நீட்டிய இடத்தில்
தேவனஹள்ளிக்கு இறங்கும் விமானம்.
அது விலகியதும்
புகைக்குப் பின்னால் மங்கலாக ஒரு புள்ளி.

"செவ்வாய்க்குப் போகலாம்.
திரும்பியும் வரலாம், கொஞ்சம் அதிர்ஷ்டம் வேணும்.
அதுக்கப்புறம் ஒழுகும்."
"எது?"
"தண்ணி. காற்று. எல்லாமே, துளித் துளியா."

அவர் சிரித்ததில் இருமல் வந்தது.
"சோரதெ இரோ காடி எல்லிதெ மேடம்?"
ஒழுகாத வண்டி எங்கே இருக்கிறது.
வால்வுக்கடியில் நிஜமாகவே சொட்டிக்கொண்டிருந்தது,
தெருநாய் ஒன்று நக்கிக்கொண்டிருந்தது.
சோர்வது எங்கள் மொழியிலும் உண்டு,
கண்ணீருக்குச் சொல்வோம்.

எத்தனை அடி போர்வெல் என்றேன்.
ஆயிரத்து நானூறாம்.
எந்தக் காலத்து மழையோ,
பாறைக்குள் யாருமில்லாமல் பயணம் செய்து
இப்போதுதான் என் வாளிக்கு வருகிறது.
அதற்கு அவசரமே இருந்ததில்லை.
அதற்குப் பசியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

நான்காம் மாடிக்கு இரண்டு வாளி.
லிஃப்டில் தளும்பியதைக்
காலால் துடைத்தேன்.

நாளை அந்தச் சவ்வை மாற்றிப் பார்க்கவேண்டும்.
தொண்ணூற்றெட்டு புள்ளி மூன்று வரலாம்.
வந்தால்
பாதியாக நாற்பது நாள்.

ஆறு நாள் கூடுதல்.