இருபத்தேழாம் நிமிசம்

இருபத்தேழாம் நிமிசத்தில என்ர ஜெனரேற்றர் இருமுது.
படத்தில அதுதான் என்ர பங்கு.
மற்றபடி கடைசியில ஓடுற பெயர்களுக்குள்ள
"ஒலி, மின்சாரம்: க. புவிதரன்" எண்டு ஒரு வரி.
வாசிக்க முதல் ஏறிப்போயிடும்.

கொழும்பில எழுதின ஒருத்தர்
அந்த இருமலை வலு நுட்பம் எண்டு எழுதினார்.
சிரிப்புக்கு அடியில உறுமுகிற இறந்தகாலமாம்.
அது கார்பரேற்றர்.
மாங்குளத்தில அடிச்ச பெற்றோலில தண்ணி.

றொறன்ரோவில இருந்து வேறொருத்தர்:
இந்த மண்ணில நிண்டு பகிடிவிட
எப்பிடி உங்களுக்கு மனம் வந்தது?
டிலக்சன் அதை வானுக்குள்ள உரத்து வாசிச்சான்,
மூண்டு தரம், மூண்டு குரலில.
மூண்டாந்தரம் நாங்கள் சிரிச்சுப்போட்டம்.
பிறகு முறிகண்டி வரைக்கும் ஒருத்தரும் கதைக்கேல்லை.
எழுதினவருக்கு இஞ்ச ஆர் இருந்தவை,
ஆர் இல்லை எண்டு
எங்களுக்கென்ன தெரியும்.

ஆனா எல்லாரும் வந்து நிண்டது ஒரே இடத்தில.
முந்நூறு பேர் கதிரையோட ஆடிச் சிரிக்க
நாலாம் வரிசையில ஒரு மனிசி சிரிக்கேல்லை.
கமரா அவவில பதினொரு செக்கன் நிக்குது.
அந்தப் பதினொரு செக்கன்தான் படமே எண்டினம்.
சிரிக்க மறுக்கும் நிலம் எண்டினம்.
ஏதோ ஒரு விழாவில
அந்த முகத்தைத்தான் சுவரொட்டியா அடிச்சவை.

ஆவணியில, சிறுபோக நெல்லு மூட்டையளைச் சுவரோட தள்ளிப்போட்டு
விசுவமடு சங்க மண்டபத்தில படத்தைப் போட்டம்.
சனம் படம் பார்க்கேல்லை. தங்களைத் தேடினது.
அந்தா ரூபனின்ர லான்ட்மாஸ்ரர்!
உது வித்தாச்சு.
கேட்ட பகிடிக்கு ஆர் திரும்பச் சிரிப்பினம்?
மேடைக்குக் குறுக்கால போன நாய்க்கு மட்டும்
நல்ல கைதட்டல்.

இருபத்தேழாம் நிமிசம். இதயராணியக்கா எழும்பினா.
"நிப்பாட்டு தம்பி."

நிப்பாட்டினன்.
சுவர் முழுக்க அவவின்ர முகம். கீழ அவ.
ஷாமினி, படம் எடுத்த பிள்ளை,
அவசரமாக் கொப்பியைத் திறந்தா.

"என்னை அந்த மிசினுக்குப் பக்கத்தில இருத்திப்போட்டியள்.
ஒரு சொல்லுக் கேக்கேல்லை எனக்கு.
எல்லாரும் சிரிக்கினம், நான் முழுசிக்கொண்டிருக்கிறன்.
ரெண்டு வருசமாக் கேக்க நினைச்சனான்.
என்ன பகிடி அது?"

டிலக்சன் தொண்டையைச் செருமினான். மைக் இல்லாமல் சொன்னான்:
கணக்கெடுக்க வந்தவன் கேட்டானாம்,
வீட்டில எத்தினை பேர் எண்டு.
அப்பர் சொன்னாராம், நிவாரணத்துக்கெண்டால் எட்டு,
பதிவுக்கெண்டால் ரெண்டு.

அக்கா யோசிச்சா.
உப்புப் பாக்கிற மாதிரி.

"எட்டு, ரெண்டு எண்டால் எங்கட வீட்டுக் கணக்காக் கிடக்கு.
பதினேழு எண்டு சொல்லு.
அப்பத்தான் பகிடி."

இருந்திட்டா.
ஷாமினியின்ர பேனை அசையேல்லை.
"பதினேழு" எண்டு டிலக்சன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.
அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் இருமிச்சுது,
நான் வெளிய ஓடினன்.
சோக்கை இழுத்துக்கொண்டு நிக்க
உள்ள ஒரு சிரிப்பு,
ஒராளின்ரயோ ரெண்டாளின்ரயோ,
பொம்பிளைக் குரல் மாதிரித்தான் கிடந்தது.
போய்ப் பார்க்கிறதுக்கிடையில
படம் திரும்ப ஓடத் தொடங்கியிட்டுது.

அடுத்த கிழமை ஒட்டுசுட்டான்.
டிலக்சன் பதினேழு எண்டான்.
நான் மிசினை மதிலுக்கு அங்கால வைச்சிருந்தன்,
நாப்பது யார் வயர் கூட வாங்கி.
அதுக்கு இன்னும் காசு வரேல்லை.