பூச்சியம்

ஒரு மீற்றர் அகலம்,
இரு பக்கமும் கயிறு.
இதே கூனித்தீவுத் தரவையில்தான்
அப்போதும் போனேன்,
முழங்காலில்.
முகத்துக்கு முன்னே கண்ணாடி மறைப்பு,
கையில் சின்ன வாரி,
ஒரு முழம் மண்ணுக்கு ஒரு மணித்தியாலம்.

அந்த வேலையில்
பூச்சியம் வந்தால்தான்
நிலத்துக்குக் கையெழுத்து.

கையெழுத்து வைத்த நிலத்தில்
உன்னிப்பற்றை, பார்த்தீனியம்,
நாங்கள் பிடுங்கிய முளைகளின் குழிகள்.
மாடு வந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

இப்போது நிமிர்ந்து நடக்கிறேன்.
காலை எட்டரை.
வெயில் இறகில் ஏறும் நேரம்.
இடப்பக்கம் இரண்டரை, வலப்பக்கம் இரண்டரை,
அதற்கு வெளியே பறப்பது
என் கணக்கில் இல்லை.
நான் சொல்ல, றிஸ்மியா எழுதுகிறாள்.

முதல் வருஷம் நாலு வகை.
நாலும் வழிப்போக்கர்.
கொட்டியாரக்குடாப் பக்கமிருந்து வந்து
இருக்க ஓர் இலை இல்லாமல்
காற்றோடு போனவை.

"பூச்சி எண்ணவும் சம்பளமோ பிள்ளை?"
மாட்டோடு நின்று கேட்டார் கோணாமலையர்.
"ஓம். முந்தின வேலையை விடக் குறைவு."
அவர் சிரிக்கவில்லை.
இந்தத் தரவையில்
இரண்டு பசு கொடுத்தவர்.

உன்னியை வேரோடு கிண்டினோம்.
அறுகை அதன் பாட்டில் விட்டோம்.
மூன்று மாரி.
இடையில் ஒரு கச்சான்
எல்லாவற்றையும் வறுத்துவிட்டுப் போனது.
எருக்கு மட்டும்
யாரும் நடாமல் வந்தது.

இன்று மாசி ஏழு.
எருக்கிலைக்கு அடியில்
கறுப்பும் மஞ்சளுமாய் வளையம் போட்ட புழு,
விளிம்பிலிருந்து உள்நோக்கித் தின்கிறது,
யாரையும் கேளாமல்.
வெந்தய வரியனின் பிள்ளை.
பறப்பது எங்கிருந்தும் வரும்.
தின்பது இங்கே பிறந்தது.

படிவத்தில் புழுவுக்குக் கட்டம் இல்லை.
றிஸ்மியா ஓரத்தில் எழுதினாள்,
எழுத்து கொஞ்சம் பெரிதாய்.

இருபத்தேழாவது வகைக்கு
இன்னும் பெயர் தெரியவில்லை.
பழுப்பு. கீழிறகில் ஒரு கண்.
படம் எடுத்திருக்கிறோம்.

நூற்றுப் பதினெட்டாம் மீற்றரில்
என் கால் தானாக ஒதுங்கும்.
ஜெயவதனி அங்கேதான் முழங்காலிட்டிருந்தாள்.
அதைப் பற்றி
எந்தப் படிவத்திலும் நான் எழுதவில்லை.

அந்த ஈரத்தில் இன்று
நகமளவு நீலங்கள்,
மண்ணில் வாய் வைத்து
உப்பு உறிஞ்சிக்கொண்டு.
என் நிழல் விழ
ஒரேயடியாய் எழும்பின.

"எத்தனை?" என்கிறாள் றிஸ்மியா.

குத்துமதிப்பாய்ச் சொல்ல
நான் பழகவில்லை.
இறங்கட்டும் என்று
இருவரும் நிற்கிறோம்.