மட்டக் கரண்டி

பொகவந்தலாவையில் ஆடி மழை.
கண்ணாடித் தட்டைத் துடைத்து வைக்கிறேன்,
யாரோ மூச்சு விட்டதுபோல் மறுபடி பனி பூக்கிறது.
அந்த ஈரத்தில் பொடி கொட்டினால்
கலவை என் பேச்சைக் கேட்காது.

ஒரு மட்டக் கரண்டி பொடி, ஒரு துளி திரவம்.
குப்பியை நேராகக் கவிழ்க்க வேண்டும்,
சாய்த்தால் துளிக்குள் காற்று ஏறி உட்காரும்.
பாதிப் பொடி, பிறகு மறுபாதி, அரை நிமிடத்துக்குள்.
பளபளப்பு இருக்கும்போதே பல்லுக்குள் போய்விட வேண்டும்.
அது செத்தபின் வெறும் சுண்ணாம்பு,
எதையும் பற்றாது.

பொடி கூடினால் அவசரக்காரி.
டொக்டர் குனிவதற்குள் இறுகி உதிர்வாள்.
குறைந்தால் வெகு சாது,
சொன்ன மூலைக்கெல்லாம் வழிந்து போவாள்.
அன்றைக்கு யாருக்கும் தெரியாது.
புளிப்பு நெடுநேரம் நிற்கும், பல் கூசும்,
பிறகு எச்சில்
நாளுக்குக் கொஞ்சமாய்க் கரைத்துத் தின்னும்.

வைகாசியில் பொடி தீர்ந்துகொண்டு வந்தது.
நுவரெலியாவிலிருந்து பெட்டி வரவில்லை.
வெளியே வாங்கில் பதினெட்டுப் பேர்.
டொக்டர் தில்ருக்ஷி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
போத்தல் வாயில் கரண்டியை வழித்தபோது
கை கொஞ்சம் ஆழமாக வழித்தது.
முக்கால் கரண்டி. துளி மட்டும் முழுசு.
ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை என்று
அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று ஞானசௌந்தரி வந்திருக்கிறாள்.
கீழ்க் கடைவாயில் நான் அடைத்த இடம்
கழுவி வைத்த கோப்பைபோல் காலி.
"அரைப்பேரு போச்சுக்கா" என்றாள்.
என்மேல் கோபமில்லை, கோபம் மடுவத்தின்மேல்:
பதினேழு கிலோ கொழுந்துக்கு
சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் மூன்று கிலோ கழிவாம்.
"கண்ணு முன்னாலதான் நிறுக்கிறாங்க,
என்னாத்த கண்டோம்?"

வாயைத் திறக்கச் சொன்னேன்.
அவளும் திறந்தாள், பேச்சு நின்றது.

சமத்தையும் மட்டம் என்கிறோம்,
கேவலத்தையும் மட்டம் என்கிறோம்.
போத்தல் வாயில் கரண்டியை மெதுவாக வழிக்கிறேன்.
ஒரு மணியும் கூடவில்லை, ஒரு மணியும் குறையவில்லை.

இந்தக் கணக்கில் பொடி பதினொரு பேருக்குத்தான் வரும்.
வாங்கில் பதினாறு பேர், அதில் ஒருவன் பள்ளிக்கூடச் சட்டையோடு,
கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.
சொல்கிறேன்.
கொஞ்சம் பொறுங்கள்,
இது இன்னும் பளபளக்கிறது.